மஞ்சள் கொடி காட்டினால்... முன்னால் போனவர் கதி என்ன?

குட்டீஸ்! தருமபுரியிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் தொப்பூர் கணவாயை மறந்திருக்க மாட்டீர்கள். மலையை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கும் தேசிய நெடுஞ்சாலை. அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டால் போதும்... அவ்வளவுதான்! பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நிற்க வேண்டியதுதான். வரிசை நீண்டுகொண்டே போகும்.

இப்போது ஒரு கணக்கு. காலை 8 மணிக்கு ஒரு பஸ் தருமபுரியில் கிளம்புகிறது. 8.20-க்கு இன்னொரு பஸ் கிளம்புகிறது. தொப்பூரில் வழி அடைபட்டிருக்கிறது. முதல் பஸ் வரிசையில் நிற்கிறது. 20 நிமிடம் கழித்து இரண்டாவது பஸ்ஸும் வந்து அதே வரிசையில் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. லாரியைத் தூக்கி ஓரம் கட்டியதும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கிளம்புகின்றன. சேலம் போய்ச் சேரும்போது இரண்டுக்கும் சில நிமிடங்கள்தான் வித்தியாசம். முதல் பஸ் சேர்த்து வைத்திருந்த 20 நிமிடம் எங்கே போயிற்று? காணாமல் போயிற்று!

பஸ்ஸுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால், இதுவே ஒரு பந்தயமாக இருந்தால்? கஷ்டப்பட்டு முன்னால் போனவரின் உழைப்பு, வேறு யாரோ மோதியதால் வீணாகிவிட்டால்? அது நியாயமா? பார்க்கிறவர்களுக்குத்தான் அது பிடிக்குமா?

இந்தக் கேள்விகள் கார் பந்தய உலகத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அதிலும் அமெரிக்காவின் 'ஸ்டாக் கார்' பந்தயத்தில் இவைதான் பெரிய சண்டை. அந்தப் பந்தயத்தில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் ஓட்டியிருக்கிறார். யார் அவர்? கொஞ்சம் பொறுங்கள், வருகிறார்!

ஸ்டாக் கார் என்றால் என்ன?

'ஸ்டாக்' என்றால் கடையில் விற்பனைக்கு இருப்பில் உள்ள சரக்கு. முதன்முதலில், கடையில் வாங்கிய சாதாரண கார்களையே பந்தயத்தில் ஓட்டினார்கள். அதனால் இந்தப் பெயர். இப்போது ஓடுபவை பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டவை. வெளித்தோற்றம் மட்டும் சாலையில் ஓடும் கார்களைப் போல இருக்கும். இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பின் பெயர் நாஸ்கார். 1948-ல் தொடங்கப்பட்டது.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடுதளம் இடமும் வலமுமாக வளைந்து நெளிந்து போகும். நாஸ்காரில் பெரும்பாலும் முட்டை வடிவ ஓடுதளம்தான். இடது பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்ற வேண்டும். மாட்டைச் செக்கில் கட்டியது போல என்று நினைக்காதீர்கள். 40 கார்கள் வரை, ஒன்றை ஒன்று உரசுவது போல மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஒரு கார் தடுமாறினால் பின்னால் வரும் பத்துப் பதினைந்து கார்கள் மோதிக்கொள்ளும். அதனால்தான் இங்கே மஞ்சள் கொடிக்கு அவ்வளவு வேலை!

மஞ்சள் கொடி வந்தால்...

பச்சைக் கொடி என்றால் ஓட்டு. சிவப்புக் கொடி என்றால் நில். கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி என்றால் பந்தயம் முடிந்தது. மஞ்சள் கொடி என்றால்? 'ஆபத்து இருக்கிறது, மெதுவாகப் போ, யாரையும் முந்தாதே' என்று பொருள்.

நாஸ்காரில் ஒரு கார் சுவரில் மோதினாலோ, ஓடுதளத்தில் எண்ணெய் கொட்டினாலோ, உடைந்த பாகம் கிடந்தாலோ உடனே மஞ்சள் விளக்கு எரியும். 'பேஸ் கார்' என்ற வண்டி உள்ளே வரும். முதலில் போகிறவர் அதன் பின்னால் போக வேண்டும். அவர் பின்னால் இரண்டாமவர், அவர் பின்னால் மூன்றாமவர்... இப்படி எல்லோரும் ரயில் பெட்டி மாதிரி வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். தொப்பூர் வரிசையேதான்! ஒரே வித்தியாசம், இந்த வரிசை நிற்காது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த நேரத்தில் பல பேர் 'பிட்' என்ற இடத்துக்குள் நுழைந்து டயர் மாற்றிக்கொள்வார்கள், பெட்ரோல் நிரப்பிக்கொள்வார்கள். ஓடுதளம் சுத்தமானதும் மறுபடி பச்சைக் கொடி.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா?

டேடோனா என்ற புகழ்பெற்ற ஓடுதளத்தின் ஒரு சுற்று 4 கி.மீ. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்கு 48 விநாடி ஆகும். ஒருவர் மற்றவரை விட 10 விநாடி முன்னால் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு தூரம் தெரியுமா? 830 மீட்டருக்கும் மேல்! மஞ்சள் கொடி வந்து வரிசை கட்டியதும் அந்த 830 மீட்டர், ஒரு கார் நீளமாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு கணக்கு. பேஸ் கார் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு சுற்றுக்கு 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். 5 சுற்று அப்படிப் போனால் 11 நிமிடம். அந்த 11 நிமிடமும் பார்வையாளர்களுக்கு ஊர்வலம் பார்ப்பது போலத்தான் இருக்கும். இதில் இன்னொரு விஷயம்: மெதுவாகச் சுற்றும் சுற்றுகளும் பந்தயக் கணக்கில் சேர்ந்துவிடும். 200 சுற்றுப் பந்தயத்தில் 40 சுற்று மஞ்சள் கொடியில் போய்விட்டால், உண்மையான போட்டி 160 சுற்றுதான். ஐந்தில் ஒரு பங்கு போச்சு!

இரண்டு பந்தயங்கள்

1997 மே மாதம். டல்லடேகா ஓடுதளம். 500 மைல் பந்தயம், அதாவது 805 கி.மீ. தருமபுரியிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் சென்னையை நோக்கி முக்கால்வாசி தூரம் போனால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அன்று ஒரு முறைகூட மஞ்சள் கொடி வரவில்லை. மார்க் மார்ட்டின் என்பவர் ஜெயித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 39 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 303 கி.மீ!

2005 மே மாதம். சார்லட் ஓடுதளம். 600 மைல் பந்தயம், 400 சுற்று. அன்று மஞ்சள் கொடி எத்தனை முறை தெரியுமா? 22 முறை! பந்தயம் முடிய 5 மணி 13 நிமிடம் ஆயிற்று. தூரம் 100 மைல்தான் அதிகம். நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பார்த்தவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? கடைசியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஜிம்மி ஜான்சன், பாபி லபோன்ட்டியை வெறும் 0.027 விநாடியில் முந்தி ஜெயித்தார். கண் இமைக்கும் நேரத்தை விடக் குறைவு!

பார்த்தீர்களா? மஞ்சள் கொடி பந்தயத்தை நீட்டிவிடுகிறது. ஆனால், எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதால் முடிவில் பரபரப்பும் தருகிறது. அதனால்தான் சிலர் அதைத் திட்டுகிறார்கள், சிலர் ரசிக்கிறார்கள்.

நம்ம ஊர் நரேன்!

இதோ, நம் ஆள் வந்துவிட்டார்! கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். 1977-ல் பொங்கல் சமயத்தில், ஜனவரி 14-ம் தேதி பிறந்தவர். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார்.

அந்த ஆண்டு ஜூன் 19-ம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் பந்தயம். அங்கே ஒரு வளைவு சரிவாக இருக்கும். அதில் வேகமாகப் போகும்போது மிஷெலின் நிறுவனத்தின் டயர்கள் தாங்காது என்று தெரியவந்தது. வளைவில் வேகத்தைக் குறைக்க ஏதாவது செய்யலாமா என்று பேச்சு நடந்தது. ஒப்புதல் ஏற்படவில்லை. 20 கார்கள் கிளம்பின. பந்தயம் தொடங்கும் முன்பே, அந்த டயர் போட்டிருந்த 14 கார்களும் உள்ளே போய்விட்டன. மிச்சம் 6 கார்கள்தான் ஓடின! வெகுதூரத்திலிருந்து டிக்கெட் வாங்கி வந்திருந்த ரசிகர்கள் கோபத்தில் கூச்சல் போட்டார்கள். பாட்டில்களை ஓடுதளத்தில் எறிந்தார்கள். பிறகு, டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக டயர் நிறுவனம் அறிவித்தது.

அந்த 6 பேரில் ஒருவராக ஓடிய நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். புள்ளி பெற்றது பெருமைதான். ஆனால், பந்தயம் எப்படி நடத்தப்படுகிறது என்பது பார்ப்பவரின் சந்தோஷத்தை எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கு அந்த நாள் ஓர் உதாரணம்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2010-ல், நரேன் மறுபடியும் அமெரிக்கா போனார். இந்த முறை நாஸ்காரில்! அங்கே 'டிரக்' பந்தயம் என்று ஒரு பிரிவு உண்டு. லாரி இல்லை, பின்னால் சரக்கு வைக்கும் பிக்-அப் வண்டி மாதிரி. மார்ட்டின்ஸ்வில் என்ற ஓடுதளத்தில் 250 சுற்றுப் பந்தயம். ஒரு சுற்று 850 மீட்டர்கூட இல்லை. அவ்வளவு சின்ன இடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள்! முட்டல், மோதல், மஞ்சள் கொடி, மறுபடி கிளம்பல் என்று இருக்கும் அந்த உலகத்தில், தன் முதல் பந்தயத்திலேயே நரேன் 13-வதாக வந்தார். நாஸ்காரின் தேசியத் தொடரில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அந்த ஆண்டு அந்தப் பிரிவில் ரசிகர்களின் ஓட்டைப் பெற்று 'மிகவும் பிரபலமான ஓட்டுநர்' விருதையும் தட்டி வந்தார். கோவைக்காரருக்கு அமெரிக்காவில் ரசிகர்கள்! சபாஷ்தானே?

சலவைத்தூள் போட்டுக் கழுவிய ஓடுதளம்

நீண்ட நேரம் நின்றுபோன பந்தயங்களில் வேடிக்கையான ஒன்று 2012-ல் டேடோனாவில் நடந்தது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், பிப்ரவரி 27-ம் தேதி, திங்கட்கிழமை இரவு நடந்தது பந்தயம். மஞ்சள் கொடி நேரம். ஓடுதளத்தைக் காயவைக்கவும் குப்பையை ஊதித் தள்ளவும் ஜெட் என்ஜின் பொருத்திய ஒரு வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வரிசையில் சேருவதற்காக வந்த ஹுவான் பாப்லோ மோன்டோயா என்பவரின் கார் திடீரென்று கட்டுப்பாடு இழந்து அந்த வண்டியிலேயே மோதிவிட்டது! விமான எரிபொருள் கொட்டி, தீ எழும்பியது. நல்லவேளை, யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

சிவப்புக் கொடி! எல்லாக் கார்களும் நின்றன. தீயை அணைத்த பிறகு ஓடுதளத்தை எதைக் கொண்டு கழுவினார்கள் தெரியுமா? வீட்டில் துணி துவைக்கும் சலவைத்தூள்! இரண்டு மணி நேரம் பந்தயம் நின்றது. அந்த நேரத்தில் பிராட் கெஸலோவ்ஸ்கி என்ற ஓட்டுநர், காரில் வைத்திருந்த செல்போனில் படம் எடுத்து இணையத்தில் போட, லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரைப் புதிதாகப் பின்தொடர ஆரம்பித்தார்கள். பந்தயம் நின்றாலும் வேடிக்கை நிற்கவில்லை!

விதிகள் மாறிய கதை

மஞ்சள் கொடி விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

முன்பெல்லாம் மஞ்சள் கொடி காட்டினாலும், கோட்டைத் தொடும் வரை ஓட்டுநர்கள் போட்டி போட்டு வேகமாக வருவார்கள். 2003-ல் ஒரு பந்தயத்தில், டேல் ஜாரட் என்பவரின் கார் உடைந்து ஓடுதளத்திலேயே நின்றது. மற்ற கார்கள் அவரை நோக்கி முழு வேகத்தில் சீறி வந்தன. மயிரிழையில் தப்பினார். உடனே விதி மாறியது. மஞ்சள் விளக்கு எரிந்த நொடியில் யார் எங்கே இருந்தார்களோ அதுதான் வரிசை என்று ஆயிற்று. இது உயிருக்காக வந்த விதி.

2004 ஏப்ரலில் டல்லடேகாவில், கடைசிச் சுற்றுகள் மஞ்சள் கொடியிலேயே போய், ஊர்வலமாகவே பந்தயம் முடிந்தது. 'இதற்கா வந்தோம்!' என்று ரசிகர்கள் கேன்களை வீசினார்கள். பொருளை எறிவது தப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், அவர்களின் ஏமாற்றம் உண்மை. அதே ஆண்டில், கடைசியில் மஞ்சள் கொடி வந்தால் கூடுதலாக இரண்டு சுற்று நிஜப் போட்டி நடக்கும்படி விதி வந்தது. இது பார்ப்பவருக்காக வந்த விதி.

2017-ல் இன்னொரு மாற்றம். ஒரு பந்தயத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். நம் பள்ளிக்கூடத்தில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று பரீட்சை வைப்பது மாதிரி! முதல் இரண்டு பகுதிகளின் முடிவிலும், முதல் 10 இடத்தில் இருப்பவர்களுக்குப் புள்ளி உண்டு. அதனால் நடுவிலும் போட்டி சூடாக இருக்கும். ஆனால், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் விபத்தே இல்லாவிட்டாலும் மஞ்சள் கொடி வரும். 'ஆபத்து இல்லாதபோது எதற்கு மஞ்சள் கொடி?' என்று கேட்கும் ரசிகர்களும் உண்டு. 'இடைவேளை மாதிரி நன்றாகத்தானே இருக்கிறது' என்பவர்களும் உண்டு. நீங்கள் எந்தக் கட்சி?

மூன்று சுற்றில் கைநழுவிய பட்டம்

இப்போது மனதைத் தொடும் ஒரு நிகழ்ச்சி. 2025 நவம்பர் 2-ம் தேதி, ஃபீனிக்ஸ் நகரம். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். பட்டத்துக்கு நான்கு பேர் போட்டி. அந்த நால்வரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்குத்தான் ஆண்டின் சாம்பியன் பட்டம். ஓர் ஆண்டு உழைப்பு, ஒரே பந்தயத்தில் முடிவாகும் முறை!

டென்னி ஹாம்லின் என்பவர் அப்போது 20 ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்தார். அதுவரை 60 பந்தயங்களில் ஜெயித்திருந்தார். ஆனால், சாம்பியன் பட்டம் மட்டும் அதுவரை கிடைத்திருக்கவில்லை. அன்று 312 சுற்றில் 200-க்கும் அதிகமான சுற்றுகள் அவர்தான் முதலிடம். இன்னும் மூன்றே சுற்று. பட்டம் கையில் வந்த மாதிரிதான்...

பட்! இன்னொருவரின் டயர் பழுதாகி, கார் சுவரில் மோதியது. மஞ்சள் கொடி. எல்லோரும் வரிசையில் சேர்ந்தார்கள். டயர் மாற்ற உள்ளே போனார்கள். ஹாம்லின் அணி நான்கு டயரையும் மாற்றியது. கைல் லார்சன் அணி இரண்டே டயரை மாற்றியது, நேரம் மிச்சம்! கூடுதல் சுற்றுகளில் லார்சன் மூன்றாவதாகவும் ஹாம்லின் ஆறாவதாகவும் வந்தார்கள். பட்டம் லார்சனுக்கு. அன்று ஒரு சுற்றுகூட முதலிடத்தில் ஓடாதவர் அவர்!

லார்சன் தப்பு செய்தாரா? இல்லை. விதிப்படி ஓட்டினார், அவர் அணி புத்திசாலித்தனமாக முடிவு எடுத்தது. மஞ்சள் கொடி தப்பா? அதுவும் இல்லை, சுவரில் மோதிய காருக்குள் ஒரு மனிதர் இருக்கிறாரே! அப்படியானால் எது சரியில்லை? 'ஓர் ஆண்டை ஒரே பந்தயத்தில் முடிவு செய்யும் முறைதான்' என்று பலர் சொன்னார்கள். 2026-ம் ஆண்டுக்கு நாஸ்கார் அந்த முறையைக் கைவிட்டது. கடைசி 10 பந்தயங்களின் மொத்தப் புள்ளியை வைத்துப் பட்டம் கொடுப்பதாக அறிவித்தது.

மஞ்சள் கொடியே வேண்டாமா?

'இவ்வளவு தொல்லை என்றால் மஞ்சள் கொடியே வேண்டாமே' என்று யாராவது சொல்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

2014 அக்டோபரில் ஜப்பான் ஃபார்முலா ஒன் பந்தயம். மழை. ஒரு கார் வழுக்கி வெளியே போய்விட்டது. அதைத் தூக்க ஒரு வண்டி வந்தது. அந்த இடத்தில் மஞ்சள் கொடி ஆட்டப்பட்டது. ஆனால் பேஸ் கார் மாதிரி எதுவும் வரவில்லை. ஜூல்ஸ் பியான்கி என்ற இளம் ஓட்டுநரின் காரும் அதே இடத்தில் வழுக்கி, தூக்க வந்த வண்டியிலேயே மோதியது. தலையில் பலத்த காயம். 2015 ஜூலையில் அவர் இறந்துபோனார். வயது 25.

நம் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தய ஓடுதளம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அங்கே நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு சிறுவன் விபத்தில் உயிரிழந்தான். வயது 13. உங்களில் பலருடைய வயதுதான். மீதி இருந்த பந்தயங்கள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. டிக்கெட் வீணாயிற்றே என்று அன்று யாருக்காவது தோன்றியிருக்குமா?

ஒகேனக்கல்லில் காவிரியில் தண்ணீர் அதிகமாக வரும்போது பரிசல் ஓட்டத் தடை போடுகிறார்களே, அதுவும் ஒரு மஞ்சள் கொடிதான். ஆசையாகப் போனவர்களுக்கு ஏமாற்றம். பரிசல்காரர்களுக்கு அன்றைய வருமானம் போய்விடும். ஆனாலும் தண்ணீரின் வேகம் குறையும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பியான்கியின் விபத்துக்குப் பிறகு ஃபார்முலா ஒன்னில் 2015 முதல் புதிய முறை ஒன்று வந்தது. வண்டி எதுவும் உள்ளே வராது. 'எல்லோரும் ஒரே அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள்' என்று கட்டளை மட்டும் வரும். எல்லோரும் சேர்ந்து மெதுவாகப் போவதால், முன்னால் இருப்பவர் சேர்த்து வைத்த விநாடிகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். உயிருக்கும் பாதுகாப்பு, உழைப்புக்கும் பாதுகாப்பு! ஆனால், எல்லோரும் ஒன்றாகச் சேரும் பரபரப்பு இதில் கிடைக்காது. பெரிய விபத்து என்றால் இது போதாது. அப்போது வண்டி உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

காத்திருந்து... காத்திருந்து...

பாதுகாப்புக்காகக் காத்திருப்பது சரி. ஆனால், காத்திருப்பவர்களிடம் நேர்மையாக இருப்பதும் முக்கியம். 2021 ஆகஸ்ட் 29. பெல்ஜியம் நாட்டில் ஃபார்முலா ஒன். விடாத மழை. ரசிகர்கள் குடையும் மழைக்கோட்டுமாக மூன்று மணி நேரத்துக்கும் மேல் நனைந்தார்கள். கடைசியில் பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்வலமாகப் போய், 'பந்தயம் முடிந்தது' என்று அறிவித்துவிட்டார்கள். ஒருவர்கூட ஒருவரை முந்தவில்லை. பாதிப் புள்ளி கொடுத்தார்கள். 'ஓடாத பந்தயத்துக்கு என்ன பரிசு?' என்று ஓட்டுநர்களே கேட்டார்கள். அதன் பிறகு, குறைந்த தூரம் ஓடினால் எவ்வளவு புள்ளி என்ற விதியை 2022-ல் மாற்றினார்கள்.

சென்னையிலும் காத்திருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தூரத்துக்கு இரவு நேரத் தெருப் பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. முதல் நாளில் பாதுகாப்புச் சான்றிதழ் வரத் தாமதமாகி, ஓட்டம் தொடங்க நேரமாகிவிட்டது. தடுப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல், ஊருக்குள் கார்களைப் பறக்கவிட முடியுமா?

மைதானத்தில் செய்து பாருங்கள்!

தருமபுரியோ, பாலக்கோடோ, பென்னாகரமோ, அரூரோ... உங்கள் பள்ளி மைதானத்தில் இதைச் செய்து பார்க்கலாம். வெயில் ஏறும் முன், விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஆறு பேர் ஓடட்டும். மைதானத்தைச் சுற்றி ஐந்து சுற்று. மூன்று நாள், மூன்று முறை.

முதல் நாள்: நிறுத்தமே கிடையாது. ஒரே ஓட்டம்.

இரண்டாம் நாள்: நடுவில் இரண்டு முறை ஆசிரியர் விசில் ஊதுவார். ஊதியதும் எல்லோரும் முதல் ஆளுக்குப் பின்னால் வரிசையாகச் சேர்ந்து நடக்க வேண்டும். மறுபடி விசில் வந்ததும் ஓட்டம். இது நாஸ்கார் முறை.

மூன்றாம் நாள்: விசில் ஊதியதும் அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். யாரும் யாரையும் நெருங்கக் கூடாது. மறுபடி விசில் வந்ததும் ஓட்டம். இது புதிய ஃபார்முலா ஒன் முறை.

மற்றவர்கள் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் வந்தவருக்கும் இரண்டாமவருக்கும் எத்தனை விநாடி வித்தியாசம்? எந்த நாள் கைதட்டல் அதிகம்? முதலில் ஓடிக்கொண்டிருந்தவரிடம், 'விசில் ஊதியபோது எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். கடைசியில் ஓடியவரிடமும் அதையே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒரே மாதிரி இருக்காது!

பார்க்கும்போது கேளுங்கள்

இனி டிவியில் எந்தக் கார் பந்தயம் பார்த்தாலும், மஞ்சள் கொடி வந்ததும் சேனலை மாற்றிவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: இந்த நிறுத்தம் யாருடைய உயிரைக் காக்கிறது? இரண்டு: முன்னால் இருந்தவரின் உழைப்பு காப்பாற்றப்படுகிறதா, கரைந்துபோகிறதா? மூன்று: பார்க்க வந்தவர்களுக்குப் போட்டி மிச்சம் இருக்கிறதா?

மூன்றும் முக்கியம். ஆனால் வரிசை இதுதான்: முதலில் உயிர், அடுத்து நியாயம், அதன் பிறகு வேடிக்கை. விதி எழுதுகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிப் போட்டால் ஓட்டுநரும் தோற்பார், ரசிகரும் தோற்பார். உங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு நாளைக்கு நீங்களே விதி எழுத நேரலாம். அப்போது இந்த வரிசை ஞாபகம் இருக்கட்டும், குட்டீஸ்!